களி கூறுங்க

அவளைப் பிடிக்காமல் போவதற்கு முன்னாலேயே எனக்கு அவளுடைய பானையைப் பிடிக்காமல் போனது. அலுமினியப் பானை. அடி கறுத்து, ஒரு பக்கம் நெளிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை ஈரத்துணியால் மூடி, தலையில் சும்மாடு வைத்து, எஸ்டேட் பாதையில் ஏறி வருவாள். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்காருவாள். அதன்பிறகு ஆராதனை முடியும்வரை பாதிப் பேருக்கு மனம் அந்த மரத்தடியில்தான் இருக்கும். மீதிப் பாதி சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு உடம்பே அங்கேதான் இருக்கும்.

ஏற்காட்டு மலையில் நாகலூர் போகிற வழியில் இருந்த ஒரு காபி எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, இன்னார் களை எடுக்க, இன்னார் பழம் பறிக்க என்று பிரித்து அனுப்புகிற வேலை. அதனால் நான் ரைட்டரம்மா. எழுபதுகளின் கடைசியில் அந்த மலைக்குப் போனதிலிருந்து இறங்கி வந்தவரைக்கும் எனக்கு வேறு பெயர் இருந்ததில்லை. கோயில் சின்னது, ஓட்டுக்கூரை போட்டது, நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பது பேர் கொள்ளும். அங்கே ஆர்மோனியம் வாசித்தது நான். பாட்டு எடுத்துக் கொடுத்தது நான். பெண்கள் சங்கத்துக்குத் தலைவி நான். கிறிஸ்துமஸுக்குச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டு, கண் எரியக் கேக் செய்ததும் நான்தான். சேலத்தில் எங்கள் குடும்பம் பாட்டன் காலத்திலிருந்தே கோயில் குடும்பம். மனப்பாட வசனப் போட்டியில் நான் வாங்காத பரிசு கிடையாது. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் எல்லாம் இருந்தது, சந்தோஷம் மட்டும் இல்லை.

துக்கம் என்றும் சொல்ல முடியாது. ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் முழங்கால் வலிதான் தெரியும். பாட்டு எடுத்தால் சுதி சுத்தமாக நிற்கும், மனம் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பில் நிற்கும். விசுவாசி என்றால் உள்ளே ஒரு சந்தோஷம் தானாக ஊற வேண்டும் என்று எங்கள் போதகர் ஐயா பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்வார். எனக்கு ஊறவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? ஆர்மோனியம் வாசிக்கிறவளே உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஆகவே முகத்தை மலர்த்தி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதலில் கன்னத்தைத்தான் தேய்த்துவிட்டுக்கொள்வேன். அவ்வளவு வலிக்கும்.

அப்படி நான் வலிக்க வலிக்கச் செய்துகொண்டிருந்த வேலையை, பானைக்காரி ஒரு சிரமமும் இல்லாமல் செய்தாள்.

அவள் மஞ்சக்குட்டைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து, மாமியாரோடு கோயிலுக்கும் வந்து, ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவள். என்னைவிட நல்ல இளையவள். எழுத்துக் கூட்டவும் தெரியாது. புருஷன் குடிப்பான், ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான். மழைக்காலத்தில் அவள் வீட்டில் ஒழுகாத இடம் தேடித்தான் அடுப்பை வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இவளுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு காரணமும் அகப்படவில்லை. பாட்டில் எப்போதும் ஒரு வார்த்தை பின்னால் வருவாள். எல்லாரும் நிறுத்திய பிறகு கடைசி வார்த்தையை அவள் மட்டும் தனியாகப் பாடி முடிப்பாள். பிள்ளைகள் சிரிக்கும். அவளும் திரும்பிப் பார்த்துச் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு ஆர்மோனியத்தைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

மாதத்தில் ஒருநாள் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. தேவன் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் முதல்நாளே மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்வேன். வசனம் பொருத்தி, நடுவில் குரல் கொஞ்சம் தழுதழுக்க, ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் சொல்வேன். கூட்டத்தில் இருமல் கேட்கும். அவள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சந்தோசமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கோயிலே நிமிர்ந்து உட்காரும். ஐயா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவருக்கே யாரோ நல்ல சேதி கொண்டுவந்த மாதிரி இருக்கும். நேற்று வந்தவளுக்குப் பந்தியில் முதல் இலையா, பாட்டன் காலத்திலிருந்து வீட்டோடு கிடக்கிற எங்களுக்கு அடிப்பானைத் தீய்ச்சலா என்று ஆண்டவரிடமே கேட்டிருக்கிறேன்.

பானைக்குள் இருந்தது களி. ராகிக் களி. கூடவே ஒரு தூக்குப்போசியில் அவரைக்கொட்டைக் குழம்பு. ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, உருண்டை பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் பலா இலையில் வைத்துக் கொடுப்பாள். ஒருவர் விடாமல் கொடுப்பாள். வீட்டில் ராகி இல்லாத வாரம் உருண்டை நெல்லிக்காய் அளவு இருக்கும், ஆனாலும் இருக்கும். முதல் தடவை அவள் பானையோடு வந்தபோது ஏதோ நேர்ந்துகொண்ட பொருத்தனை என்று எல்லாரும் நினைத்தோம். பிள்ளை பிறந்தால், காய்ச்சல் தீர்ந்தால் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. இரண்டாம் வாரமும் வந்தது. அதற்கப்புறம் யாரும் காரணம் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு எவன் காரணம் கேட்பான்?

நான் சாப்பிட மாட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் யார் யார் சாப்பிட்டார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கேக்கை எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி விரல் நுனியால் பிட்டுத் தின்பார்கள். அவள் களியை ஒன்றுமே சொல்லாமல் விரல் இடுக்கெல்லாம் நக்கித் தின்றார்கள். அதிலும் என் வீட்டுக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "ம், போதும்". அவர் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழம்பு மணிக்கட்டில் வழிய, பக்கத்தில் இருக்கிற, காபிச் செடிக்குக் கிளை கழிக்கிற கவாத்துக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டே இன்னொரு உருண்டைக்கு இலையை நீட்டுவார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. என் வயிறு எரிந்த எரிச்சலில் அவள் இன்னொரு பானை களி வேகவைத்திருக்கலாம்.

அதைவிட மோசம் பஸ். ஐயா ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து ஆராதனை நடத்திவிட்டு அதே பஸ் திரும்பி வருகையில் ஏறிப்போவார். அதனால் கடைசி ஜெபம் முழுக்க அவருடைய ஒரு காது ஹாரனிலேயே இருக்கும். சத்தம் கேட்டதும் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லி, "களிகூருங்கள்" என்று முடித்துவிட்டு அங்கியைக் கழற்றிக்கொண்டே ஓடுவார். களி வந்தபிறகு ஓட்டம் நின்றது. ஒரு வாரம் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த வாரம் கண்டக்டர் தேடிக்கொண்டு வந்து, அவரும் ஓர் உருண்டை வாங்கித் தின்றார். அதன்பின் டிரைவருக்கு ஓர் இலை போனது. கடைசியில் பஸ்ஸே அவளுக்காக நின்றது. எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று கை காட்டியும் நிற்காமல் போன பஸ் அது.

காரணம் எனக்குத் தெரியவந்தது ஒரு ஷேர் ஜீப்பில். காபி பூத்திருந்த வாரம், மலை முழுக்க மல்லிகை மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. டவுனுக்குப் போய்த் திரும்பும்போது அவள் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள், மடியில் ராகி மூட்டை. பேச்சுக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. என்ன பொருத்தனை, எப்போது முடியும் என்று கேட்டேன். எப்போது முடியும் என்பதுதான் நான் கேட்க நினைத்தது.

"பொருத்தனையெல்லாம் இல்லீங்க ரைட்டரம்மா," என்றாள். "ஐயாதான் வாராவாரம் சொல்றாருங்களே, களி கூறுங்கன்னு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அவள் பிறந்த ஊரில் நோம்பி வந்தால் கிடா வெட்டி, வீட்டுக்கு ஒரு கூறு என்று கறியைப் பிரித்து வைப்பார்களாம். ஆள் இல்லாத வீட்டுக்குக்கூடக் கூறு உண்டாம். கூறு ரெடியானதும் ஒருவர் நின்று, கறி கூறுங்க, வந்து வாங்கிக்கங்க என்று குரல் கொடுப்பாராம். கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஐயா கையைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "களி கூறுங்க" என்றார். சரி, இங்கே களி பங்கு போடுவார்கள் போலிருக்கிறது என்று இவள் வெளியே வந்து ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரும் ஒன்றும் தரவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் ஐயா சொன்னார், அடுத்த வாரமும் ஒருவரும் கொண்டு வரவில்லை.

"பாவமுங்க அவரு. வாரம் தவறாம சொல்றாரு, ஒருத்தரும் காதுல போட்டுக்கலீங்க. சொல்லிப்போட்டு மனசு நொந்து பஸ்ஸுக்கு ஓடறாரு. அதான் நம்மூட்லயே கிண்டி எடுத்துட்டு வந்துட்டனுங்க."

ஐயா களிகூருங்கள் என்பதை அவசரத்தில் கடைசி எழுத்தை விழுங்கித்தான் சொல்வார். எங்கள் பக்கத்தில் எந்த ரு, எந்த று என்று வாயில் வித்தியாசம் தெரியாது. எதற்கும் ஒரு ங்க போட்டுப் பேசுகிற ஊர் வேறு. களிகூருங்க என்றால் களி கூறுங்க தான். ஆனால் களிகூருதல் என்றால் மனம் நிறைந்து சந்தோஷப்படுவது என்று கோயிலில் நாலு எழுத்துப் படித்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. தேவன் மகிழச் சொன்னதை, மாவு கிண்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பானை சுமந்திருக்கிறாள்.

ஜீப்பிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வது மாதிரி அதை வைத்துக்கொண்டேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்தபோது எனக்கு எரியவில்லை. சிரி, சிரி, தப்பான வார்த்தைக்குத்தானே சிரிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

காபி அறுவடை முடிந்ததும் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். காபிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு, வாழைத்தார், முட்டையிடுகிற கோழி எல்லாம் வரும். அன்று மதியம் எல்லாருக்கும் சேர்ந்த விருந்து. அந்த விருந்துச் சமையல் நான் வந்த நாளிலிருந்து என் கையில்தான் இருந்தது. அந்த வருஷம் பெண்கள் சங்கக் கூட்டத்தில் ஐயாவின் மனைவி, இந்தத் தடவை சோற்றுக்குப் பதில் களியே போட்டுவிடலாமே, பெரிய பானையில் கிண்டச் சொல்லலாம், எல்லாரும் அதைத்தானே ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை.

மிட்டாயைத் துப்பினேன். தேன் ஒழுக, கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த பானைக்காரியைப் பார்த்து, எதற்காகக் களி கொண்டுவருகிறாய் என்று எல்லாருக்கும் ஒருதரம் சொல்லேன் என்றேன். அவள் ஜீப்பில் சொன்னதை அப்படியே சொன்னாள். முதலில் ஒருத்தி களுக்கென்றாள், பிறகு அறையே சிரித்தது. என்ன வேடிக்கை என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே நின்று, மெல்ல மெல்ல வடிந்தது. "களி இல்லீங்களா," என்றாள். அவ்வளவுதான். ஐயாவின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த முகம் இப்போது என் முகம் மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு பானை வரவில்லை. அவள் வந்தாள், கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பாட்டில் பின்தங்கக்கூட இல்லை, வாயைத் திறந்தால்தானே பின்தங்குவதற்கு. ஹாரன் கேட்டது. ஐயா கையை உயர்த்தி, "களிகூருங்கள்" என்றதும், கோயிலில் அத்தனை தலையும் மரத்தடிப் பக்கம் திரும்பியது. அங்கே செருப்புகள் மட்டும் கிடந்தன. ஐயா ஓடிப்போய்ப் பஸ் ஏறினார். என் வீட்டுக்காரர் மத்தியானம் தட்டில் இரண்டு கை சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் களி இல்லியா?" என்றார். வேறெந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜெயித்தது நான்தான். ஜெயித்த மாதிரியே இல்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் நின்று, ஏனுங்க என்று கூப்பிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. பாடம் கேட்க வந்திருந்தாள்.

"ஐயா சந்தோசப்படச் சொன்னாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஒரு வாரமா செஞ்சு பாக்கறனுங்க. வரலீங்க. களி கிண்டறப்ப கேக்காமயே வந்துச்சு, இப்ப உக்காந்து வா வாங்கறேன், வர மாட்டேங்குது. நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. நீங்க எப்படிங்க செய்வீங்க, அதை மட்டும் சொல்லிக்குடுங்க."

ஜெபம் பண்ணு என்றேன். பண்ணினாளாம். பாட்டுப் பாடு என்றேன். பாடினாளாம். வசனத்தை நினைத்துக்கொள் என்று தொடங்கி ஒரு வசனமும் சொன்னேன். எங்கேயும் தட்டாமல் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதுசரிங்க, உங்களுக்கு எப்படி வருதுங்க என்று மறுபடியும் அங்கேயே வந்து நின்றாள். விடுகிறவளாக இல்லை. நான் சொல்வதை நம்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்குத் தலைக்கு ஏறியது.

"எனக்கு வராது," என்றேன். கத்தித்தான் சொன்னேன். "ஒருநாளும் வந்ததில்ல. போதுமா? எல்லாம் மூஞ்சிய வெச்சுக்கறதுதான்."

உள்ளே வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது. கதவைச் சாத்திவிடலாமா என்று பார்த்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள். பிறகு அந்த முகத்தில் ஏதோ இளகியது.

"அட சாமி, உங்களுக்குமா? நான் ஒருத்திதான் மக்குன்னு நொம்ப வெசனப்பட்டுட்டனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பழைய சிரிப்பு. எனக்கு வராததைக் கேட்டு அவளுக்கு வந்துவிட்டது. இதைவிட அநியாயம் உண்டா? எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, உட்காரச் சொல்லலாம் போலவும் இருந்தது. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். கொடுக்கும்போதே, பண்டிகைக்குப் பானையைக் கொண்டு வந்து சேர் என்று கடுப்பாகச் சொன்னேன். தப்புன்னு சொன்னீங்களே என்றாள். தப்புத்தான், கொண்டு வா என்றேன். பெரிய பானை ஒற்றையாளுக்கு அடங்காது, நீங்க கிண்டுங்க, நான் பானையைப் பிடிச்சுக்கறேன் என்றாள். நான் பானையைப் பிடிக்கிறேன், நீ கிண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். என்னைவிட இவள் நன்றாகக் கிண்டுவாள் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. சரி என்றுவிட்டேன்.

களி கிண்டுவது கேக்குக்கு மாவு கலக்குவது போல அல்ல. கொதிக்கிற தண்ணீரில் அரிசி நொய்யை வேகவிட்டு, மேலே மாவு கொட்டி, அது வேகட்டும் என்று பொறுத்து, பிறகு உலக்கை மாதிரித் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு முழுக்கப் போட்டுக் கிண்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கட்டி விழும். நான் பாதியில் நிறுத்தினேன், அதுவும் மூன்று நான்கு தடவை. புகையில் கண் தெரியவில்லை, பின்னல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, பண்டிகைக்கென்று கட்டிய சேலையில் மாவு. அவள் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படித்தானுங்க, அப்படித்தானுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படி இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஐயா கையை உயர்த்திச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சனம் மரத்தடிக்கு வந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பானையிலிருந்து உருண்டை பிடித்துக் கொடுத்தோம். அவள் கையில் வழவழவென்று உருண்டை வந்தது, என் கையில் காலிஃபிளவர் மாதிரி வந்தது. அவள் பக்கம் நீள வரிசை, என் பக்கம் பொறுமையில்லாத இரண்டு பிள்ளைகள். அப்போதும் எரிந்தது, ஏன் எரியாது? கவாத்துக்காரன் முதல் வாய் வைத்ததும், பல்லில் பச்சை மாவுக் கட்டி கடிபட்டு, மென்று முடிக்காமல் அப்படியே நின்றுவிட்டான். எல்லாரும் பார்த்தார்கள். பானைக்காரி எழுந்து நின்று, ஊர் நோம்பியில் கூறு சொல்கிறவர் மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"கட்டி இருக்கறது ரைட்டரம்மா கூறுங்க. வேணுங்கறவங்க வந்து வாங்கிக்கங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. துடுப்பு எங்கே கிடக்கிறது என்று கையால் தேடினேன், நிஜமாகவே தேடினேன். அப்போது அவள் வரிசையில் முன்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர், அங்கிருந்து விலகி என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இலையை நீட்டினார். வாசலில் நான் கத்தியதைக் கேட்டவர், அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதவர்.

"எனக்குக் கட்டி இருக்கறதாப் பாத்துப் போடு," என்றார்.

போட்டேன். கடித்தார். கட்டி கடிபட்டது, சிரித்தார், அந்தச் சிரிப்பு. வெகுநாளாக மரத்தடியில் எட்ட நின்று பார்த்தது, இப்போது ஒரு கை தூரத்தில். நானும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். வேகாத மாவும் புகையுமாகப் படுமோசமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வரவழைக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கன்னம் வலிக்கவில்லை என்று கவனித்தேன்.

அதற்கப்புறம் நான் மாறிப்போய்விட்டேன் என்று எழுதினால் அந்த மலையில் உயிரோடு இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுடைய உருண்டையைப் போல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, அதற்காக அவள்மேல் இருந்த கடுப்பும் ஒருநாளும் முழுசாகப் போனதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்புப் பிடிக்க அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அவளுக்கு வார்த்தையின் அர்த்தம் தெரிந்துவிட்டதே என்று நான் பயந்தது வீண். ஐயா கையை உயர்த்தினால் அவள் காதில் இப்போதும் களி கூறுங்க என்றுதான் விழுந்தது. கொடுமை என்னவென்றால், என் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

என் வீட்டுக்காரர் ரிடையர் ஆனபிறகு, தொண்ணூறுகளில் சேலத்துக்கே இறங்கி வந்துவிட்டோம். இங்கே கோயில் பெரிது, பெஞ்சு, மின்விசிறி, மைக் எல்லாம் உண்டு. ஆர்மோனியத்துக்கு வேறு ஆள் இருந்தார். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற நேரத்தில், அந்த ஐயாவும் அந்த வார்த்தையைச் சொன்னார். சுத்தமாக, ஓர் எழுத்தும் விழுங்காமல் சொன்னார். எனக்குத் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. வாயில் எச்சில் ஊறிவிட்டது. இத்தனை பேர் இருக்கிற கோயிலில் என் ஒருத்தி வாயில் மட்டும். நினைத்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன்.

பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். பட்டுச்சேலை, கையில் பாட்டுப் புத்தகம், முகத்தில் நன்றாக மலர்த்தி வைத்த சிரிப்பு. கண் மட்டும் சிரிக்கவில்லை. இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று அந்தக் கண் என்னை மேலும் கீழும் அளந்தது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் கலைகிறவரை பொறுத்திருந்து, அவர் பக்கம் குனிந்தேன்.

"ஏனுங்க," என்றேன், "உங்களுக்குக் களி கிண்ட வருமுங்களா?"